ஆர்.வி. ஆனிங் துணியை நாமே மாற்றலாம்: ஸ்பிரிங்கிலிருந்து தொடங்குங்கள்

ஒரு ஜனவரி மாதக் காலை. அரிசோனாவின் குவார்ட்சைட் பக்கம் பாலைவனத்தில் எங்கள் ஆர்.வி. டிரெய்லரை, அதாவது தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியை நிறுத்தி, அதன் பக்கவாட்டு ஆனிங்கை (சுவரிலிருந்து வெளியே விரியும் நிழல் துணி) இழுத்து விரித்தோம். அதன் அடியில் மேஜை போட்டு இட்லித் தட்டை வைத்தபோது மேஜை முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழுந்தது. ஒவ்வொன்றும் கடுகளவு. அண்ணாந்து பார்த்தால், வண்டிச் சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குத் துணி சல்லடையாகியிருந்தது. மற்ற இடமெல்லாம் புதுசு போலத்தான் இருந்தது. அந்தப் பட்டையை விரலால் லேசாக அழுத்தினேன். அப்பளம் போலப் பிளந்துகொண்டது.

ஒரு பட்டறையில் விசாரித்தபோது, கை (ஆனிங்கைத் தாங்கும் நீளக் கம்பி), குழாய் (துணி சுருளும் உருளை), துணி எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றார்கள். அதற்குத் தேவையே இருக்கவில்லை. கை நேராக இருந்தது, குழாய் வளையவில்லை, ஸ்பிரிங் நன்றாக இழுத்தது. போனது துணி மட்டும்தான். துணியை மட்டும் தனியாக வாங்கலாம், நாமே மாற்றலாம். மூன்று பேர், ஒரு காலைப்பொழுது, இரண்டு ஏணி போதும்.

அமெரிக்காவில் ஆர்.வி. வாங்கி வார இறுதியில் மலைக்கும் பாலைவனத்துக்கும் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களை இப்போது முகாம்களில் அடிக்கடி பார்க்கிறேன். பழைய வண்டி வாங்குபவர்களுக்கு முதலில் செலவு வைப்பது பெரும்பாலும் இந்த ஆனிங் துணிதான். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். கையால் இழுத்து விரிக்கிற, இரண்டு பக்கமும் நீளக் கை உள்ள ஆனிங்கைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். பட்டனை அழுத்தினால் விரிகிற வகைக்குத் தனியாகக் கொஞ்சம் பின்னால் வருகிறது.

ஏன் அந்த ஒரு பட்டை மட்டும்?

ஆனிங்கைச் சுருட்டி வைத்தபிறகு வெளியே நின்று பாருங்கள். பாயைச் சுருட்டினால் கடைசிச் சுற்று வெளியே தெரியுமல்லவா? அதே மாதிரி, துணியின் கடைசிச் சுற்று மட்டும் வருடம் முழுக்க வெயிலில் கிடக்கிறது. அந்தச் சுற்றுதான் விரிக்கும்போது வண்டிச் சுவரை ஒட்டி வரும் பகுதி. நாம் ஆனிங்கை வருடத்தில் இருபது நாள் விரிப்போம். சுருட்டிய நிலையில் அந்தப் பட்டை மீதி 345 நாளும் காய்கிறது. பெரும்பாலான ஆனிங் துணி வினைல். நடுவில் பாலியெஸ்டர் வலை, இரண்டு புறமும் பி.வி.சி. பூச்சு. அந்தப் பூச்சை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருளை வெயில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிடும். பிறகு அது இறுகி, மடிப்பில் வெடித்து, வெடிப்பு ஊசித்துளையாகி, ஒரு நாள் காற்றில் நீளவாக்கில் கிழியும்.

இதைப் புரிந்துகொண்டால் புதுத் துணி வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சுருட்டியபின் வெளியே தெரியும் பகுதியில் கூடுதலாகத் தடித்த வினைல் பட்டை தைத்த துணிகள் கிடைக்கின்றன. சிலவற்றில் மெல்லிய அலுமினியத் தகடே அந்த இடத்தில் வரும். ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளில் பார்க்கும் ஜிப் டீ ஆனிங்கில் துணியை மூடிக்கொள்ள அலுமினியப் பட்டைகளே உண்டு. அந்தத் துணிகள் நீண்ட நாள் உழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெயில் ஊரில் இருப்பவர்கள் இந்தக் காப்புப் பட்டை இல்லாத துணியை வாங்கவே வாங்காதீர்கள். விலை வித்தியாசம் கொஞ்சம்தான்.

ஒட்டா, மாற்றமா?

முள் குத்திய ஓட்டை, மரக்கிளை கிழித்த கிழிசல் ஒன்றிரண்டு என்றால் ஆனிங்குக்கென்றே விற்கும் ஒட்டு டேப் போதும். துணியைத் துடைத்துக் காயவைத்து இரண்டு புறமும் ஒட்டுங்கள். வெயிலால் வந்த ஊசித்துளைக்கு ஒட்டுப் போடாதீர்கள். டேப் நிற்கும், அதன் ஓரத்தில் துணி கிழியும். சந்தேகமாக இருந்தால் துணியின் அந்தப் பட்டையை இரண்டு விரலால் மடித்துப் பாருங்கள். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து பொடி உதிர்ந்தால் காலம் முடிந்துவிட்டது.

அளவு: இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள்

முதல் முறை நானும் துணியின் அகலத்தை அளந்து அதையே ஆனிங் அளவு என்று நினைத்து ஆர்டர் செய்துவிட்டேன். வந்த துணி ஒரு அடி குறைவு. திருப்பி அனுப்பும் செலவு என் தலையில் விழுந்தது.

ஆனிங்கின் அளவு என்பது ஒரு கையின் நடுவிலிருந்து மறு கையின் நடு வரை உள்ள தூரம். 16 அடி ஆனிங் என்றால் கைக்குக் கை 16 அடி. துணி அதைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். ஏ அண்ட் ஈ, டொமெடிக் கை ஆனிங்குகளில் துணி சுமார் 10 அங்குலம் குறைவு, அதாவது 16 அடிக்கு 15 அடி 2 அங்குலம். வேறு கம்பெனிக்கு இந்தக் கணக்கு மாறும். அதனால் மூன்று விஷயத்தைக் குறித்துக்கொண்டு விற்பவரிடம் சொல்லுங்கள்: கைக்குக் கை தூரம், துணியின் நிஜ அகலம், ஆனிங்கின் மாடல் எண். மாடல் எண் ஸ்டிக்கர் பெரும்பாலும் ரோலர் குழாயிலோ கையின் பின்புறமோ ஒட்டியிருக்கும். வெயிலில் வெளுத்திருந்தால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

துணி எத்தனை அடி வெளியே நீளும் என்பதும் தேவை. வழக்கமான அளவு 8 அடி.

வினைலா, அக்ரிலிக்கா?

வினைலில் தண்ணீர் இறங்காது, சோப்பு போட்டுத் துடைக்கலாம், விலை குறைவு. ஆனால் காற்று புகாது, அதனால் ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். அக்ரிலிக் நெய்த துணி. இதில் பலரும் சொல்லும் பெயர் சன்பிரெல்லா. கிளென் ரேவன் நிறுவனம் 1961-ல் கொண்டுவந்தது. நூல் ஆகும்போதே சாயம் அதனுள் கலந்துவிடுவதால் சீக்கிரம் வெளுக்காது. காற்றும் போகும், அடியில் உட்கார்ந்தால் வெக்கை குறைவாக இருக்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், ஆனால் நாள் முழுக்க அடைமழை என்றால் கசியும்.

அரிசோனா, நெவாடா போன்ற வறண்ட இடத்தில் நிழலுக்காக மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அக்ரிலிக் என் தேர்வு. மழை ஊரில் வாழ்பவர்களுக்கும், செலவைக் குறைக்க விரும்புபவர்களுக்கும் தடித்த வினைல். கணிசமானவர்கள் வினைலையே வாங்குகிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை.

முதலில் ஸ்பிரிங்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நீங்கள் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். துணி மாற்றுவது பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி எளிய வேலை. விரலை உடைப்பது ஸ்பிரிங்.

கையால் விரிக்கும் ஆனிங்கின் ரோலர் குழாய்க்குள் இரண்டு முனையிலும் முறுக்கிய ஸ்பிரிங் உண்டு. துணியை நாம் வெளியே இழுக்க இழுக்கக் குழாய் சுற்றும், ஸ்பிரிங் மேலும் முறுக்கேறும். அந்த முறுக்குதான் பிறகு துணியைத் தானாகச் சுருட்டிக்கொள்கிறது. முழுக்கச் சுருட்டிய பிறகும் முறுக்கு பூஜ்யமாகிவிடாது. தொழிற்சாலையிலேயே முன்கூட்டி முறுக்கித்தான் அனுப்புகிறார்கள். அந்த முறுக்கை இரண்டு பக்கத்துக் கையும்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எதையும் பூட்டாமல் ஆனிங் கையிலிருந்து குழாயைக் கழற்றினால், முனையில் இருக்கும் தண்டு காற்றாடி போலச் சுழலும். எங்கள் முகாமில் பக்கத்து இடத்தில் நின்ற பெரியவருக்கு நடுவிரல் நீட்ட வராது. பல வருடம் முன்பு இதே வேலையில் நேர்ந்தது என்று சொல்லி, ஸ்பிரிங்கைப் பூட்டும் பின்னை நான் போடும்வரை ஏணிக்குக் கீழேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டும் முறை இது. வண்டிக்கு எதிரே வெளியே நின்று பார்க்கும்போது எது இடமோ அதுதான் இடது, எது வலமோ அதுதான் வலது. வேலை முழுக்க இதையே கடைப்பிடியுங்கள். ஆனிங்கை 2, 3 அடி மட்டும் விரியுங்கள். முழுக்க விரிக்க வேண்டாம், விரித்தால் முறுக்கு கூடும். வலது முனையில் இருக்கும் சிறு நெம்புகோல் விரிக்கும் நிலையில் இருக்கட்டும். அந்த நிலையில் உள்ளே இருக்கும் பல்சக்கரம் குழாய் திரும்பச் சுருளாமல் தடுத்து நிறுத்தும். நெம்புகோல் கைபட்டு நகராதபடி டேப் சுற்றி, மேலே பிளாஸ்டிக் டையும் போட்டு இறுக்குங்கள்.

இடது முனையில் பல்சக்கரம் கிடையாது. அங்கே முனை மூடியில் ஒரு துளையும், உள்ளே இருக்கும் தண்டில் ஒரு துளையும் இருக்கும். குழாய் ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வரும்போது இரண்டும் நேர்கோட்டில் வரும். கொஞ்சம் கொஞ்சமாக விரித்து அந்த நிலையைக் கண்டுபிடியுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் துளை வழியாக அந்தப் பக்கம் தெரியும். அதில் ஒரு காட்டர் பின்னை (இரண்டாக மடித்த கம்பி ஊசி) செருகி, மறுபுறம் இரண்டு காலையும் விரித்து மடக்கிவிடுங்கள். அவசரத்துக்கு ஆணி செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆணி நழுவும். காட்டர் பின் விலை அரை டாலர்கூட இல்லை.

உங்கள் மாடலில் துளை வேறு இடத்தில் இருக்கலாம், அல்லது இரண்டு முனையிலும் பின் போட வேண்டியிருக்கலாம். மாடல் எண்ணை வைத்துக் கம்பெனியின் கையேட்டை இணையத்தில் தேடி, ஸ்பிரிங் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். பூட்டும் இடம் எது என்று உறுதியாகத் தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள்.

தேவையான சாமான்

ஏணி இரண்டு. மூன்று பேர். டிரில், 3/16 அங்குல பிட், பாப் ரிவெட் துப்பாக்கி, அதே அளவில் அலுமினிய ரிவெட் (இரண்டு உலோகத்தைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி) ஒரு பாக்கெட். ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், வைஸ் கிரிப் (பிடித்தால் பூட்டிக்கொள்ளும் இடுக்கி), சிறு அரம். சிலிக்கான் ஸ்பிரே. எண்ணெய்ப் பசை உள்ள ஸ்பிரே வேண்டாம், அது வினைலைக் கெடுக்கும், தூசியையும் பிடிக்கும். வண்டியின் மேல் விளிம்பு ரெயிலில் உள்ள ஸ்க்ரூவுக்கு வெளிப்புற சீலண்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை). மார்க்கர் பேனா. கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை. குழாயைக் கீழே வைக்க இரண்டு மரக்குதிரை (மரக் கால் தாங்கி), அல்லது போர்வை விரித்த மேஜை.

காற்றில்லாத காலை நேரமாகப் பாருங்கள். 16 அடி துணி காற்றில் பாய்மரம்தான். ஏணியில் நிற்பவர் அதைப் பிடிக்கப் போய் விழுவார்.

பழையதைக் கழற்றுவது

எதையும் தொடும் முன்பு போனில் படம் எடுங்கள். இரண்டு முனையும், துணி குழாயில் ஏறும் இடமும், முன்னால் தொங்கும் ஜாலர் எந்தக் காடியில் (குழாயில் ஓடும் நீளப் பள்ளம்) இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ரோலர் குழாயில் நீளவாக்கில் பல காடிகள் ஓடும். ஒன்றில் முக்கியத் துணி, ஒன்றில் ஜாலர், இன்னொன்றில் இழுக்கும் பட்டை. குழாயின் இடது முனை எது, எந்தக் காடியில் எது என்று மார்க்கரால் குழாய் மேலேயே எழுதிவிடுங்கள். காடி மாறினால் துணி தலைகீழாகச் சுருளும், அது மாட்டி முடித்த பிறகுதான் தெரியும்.

வண்டியின் மேல் விளிம்பில் ஓடும் அலுமினிய ரெயிலில் துணியின் மேல் ஓரம் கோத்திருக்கும். துணியின் ஓரத்தைப் பாவாடை நாடா மடிப்பு போல மடித்துத் தைத்து, உள்ளே விரலளவு பருமனில்லாத பிளாஸ்டிக் கயிறு ஒன்றைச் செலுத்தியிருப்பார்கள். அந்தக் கயிற்றின் தடிமன்தான் துணியை ரெயிலிலிருந்து வெளியே வராமல் பிடிக்கிறது. ரெயிலின் இரண்டு கோடியிலும் துணி நகராமல் இருக்க ஒவ்வொரு சிறு ஸ்க்ரூ இருக்கும். பழைய சீலண்டைச் சுரண்டி அவற்றைக் கழற்றுங்கள்.

அப்புறம் ஒருவர் இடது முனையையும் ஒருவர் வலது முனையையும் தாங்கிக்கொள்ள, கையையும் முனை மூடியையும் இணைக்கும் போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். காட்டர் பின் சரியாகப் போட்டிருந்தால் எதுவும் சுழலாது. அப்படியும் முகத்தை முனைக்கு நேராக வைக்காதீர்கள். கைகள் தானாக விழாமல் வண்டியோடு கயிற்றால் கட்டிவிடுங்கள். இப்போது மூன்றாவது ஆள் ஏணியில் ஏறி ரெயிலில் சிலிக்கான் அடித்து, துணியை ரெயிலின் திறந்த முனை வழியாக உருவ, கீழே இருவரும் குழாயோடு அதே வேகத்தில் பக்கவாட்டில் நடக்க வேண்டும். யாராவது முந்தினால் துணி ரெயிலில் இறுகும். மெதுவாக, பேசிக்கொண்டே நடங்கள்.

குழாயை மரக்குதிரை மேல் வைத்ததும் முனை மூடிகளுக்கு வருவோம். இவை ரிவெட் அடித்துக் குழாயோடு பிடித்திருக்கும். ரிவெட்டின் தலையை டிரில்லால் துளைத்து எடுத்தால் போதும், மிச்சம் உள்ளே விழுந்துவிடும். மூடியோடு ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே தண்டாக வெளியே வரும். பின்னையும் டையையும் தொடாமல், வந்தபடியே துணி சுற்றி ஓரமாக வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடமாக. முறுக்கை விட்டுவிட்டு மறுபடி முறுக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஒருவேளை ஸ்பிரிங்கே பழுதென்றால், அந்த வேலையைக் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

குழாயை ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்து, உள்ளே விழுந்த ரிவெட் துண்டுகளைக் கொட்டிவிடுங்கள். விட்டால் பயணம் முழுக்கக் கிலுகிலுப்பை போல் சத்தம் வரும். பழைய துணியையும் ஜாலரையும் காடியிலிருந்து உருவுங்கள். துணியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில புதுத் துணிகள் பிளாஸ்டிக் கயிறு இல்லாமல் வரும், பழையதிலிருந்து உருவி இதில் போட வேண்டியிருக்கும்.

காடியைச் சுத்தம் செய்வது

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய தூசி, குளவிக் கூடு, வினைல் பொடி எல்லாம் காடியில் இறுகியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியில் துணி சுற்றிக் கோடி வரை ஓட்டி எடுங்கள். ரெயிலையும் அதே மாதிரி. துணி நுழையும் வாய் கூர்மையாக இருந்தால் அரத்தால் மழுக்குங்கள். புதுத் துணி முதல் முறை நுழையும்போதே அந்த விளிம்பில் கிழிந்து போவது உண்டு. ரெயிலின் வாயை இடுக்கியால் மிகக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொண்டால் துணி தானாக வழுக்கி உள்ளே போகும்.

புதுத் துணியை ஏற்றுவது

மடிப்பாக வந்த துணியைச் சுத்தமான தரையில் வெயிலில் ஒரு மணி நேரம் விரித்து வையுங்கள். சூடேறினால் வினைல் இளகும், மடிப்புக் கோடும் தளரும். எது மேல்பக்கம், எது அடிப்பக்கம், எந்த ஓரம் வண்டிக்கு, எந்த ஓரம் குழாய்க்கு என்று பார்த்து டேப் ஒட்டி எழுதுங்கள். காப்புப் பட்டை வண்டிப் பக்கம் வர வேண்டும்.

காடியில் சிலிக்கான் அடித்து, ஒருவர் துணியை மடிப்பில்லாமல் ஊட்ட, இன்னொருவர் மறுமுனையிலிருந்து இழுக்க வேண்டும். இழுப்பவர் துணியைப் பிடித்து இழுத்தால் தையல் விடும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கயிற்றையும் சேர்த்துப் பிடித்து இழுங்கள். ஜாலருக்கும் அதே வேலை. குழாயின் நடுவும் துணியின் நடுவும் ஒன்றாக வரும்படி நகர்த்துங்கள்.

முனை மூடியைப் போடும் முன்பு ஒரு நிமிடம் நில்லுங்கள். இழுக்கும் பட்டை காடியில் ஏறிவிட்டதா? எங்கள் வீட்டில் அதை மறந்துவிட்டு எட்டு ரிவெட்டையும் அடித்து முடித்தோம். மூடி போட்டபிறகு பட்டை உள்ளே போக வழியில்லை. ஒரு மூடியின் ரிவெட்டை மறுபடி துளைத்து எடுக்க வேண்டியதாயிற்று.

மூடியைப் பழைய துளைகளுக்கு நேராக வைத்து ரிவெட் அடியுங்கள். ரிவெட் இல்லையென்று ஸ்க்ரூ முடுக்காதீர்கள், நீளமான ஸ்க்ரூ உள்ளே ஸ்பிரிங்கில் போய் இடிக்கும். இடது மூடி இடதுக்கும் வலது மூடி வலதுக்கும் போகிறதா என்று எழுதிவைத்ததைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு துணியைக் குழாயில் பாய் சுருட்டுவது போல இறுக்கமாக, ஓரம் ஓரத்தோடு நேராக வரும்படி கையாலேயே சுருட்டி, கடைசி 2, 3 அடியை மட்டும் வெளியே விடுங்கள்.

வண்டியில் மாட்டுவது

மூவரும் சேர்ந்து தூக்குங்கள். ஏணியில் இருப்பவர் துணியின் மேல் ஓரத்தை ரெயில் வாயில் நுழைத்து ஊட்ட, மற்ற இருவரும் குழாயோடு மெதுவாக நடக்க வேண்டும். ரெயிலில் தாராளமாகச் சிலிக்கான் அடித்தால் பாதித் தொல்லை போகும். துணி முழுக்க ஏறியதும் இரண்டு கைக்கும் நடுவில் சமமாக வரும்படி நகர்த்துங்கள். கைகளை முனைத் தண்டில் பொருத்தி போல்ட்டை முழுக்க முடுக்குங்கள். அதுவரை பின்னைத் தொடக்கூடாது.

பின்னை எடுக்கும் முறை: ஒருவர் குழாயை நடுவில் இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மடக்கிய காலை நேராக்கிப் பின்னை இழுக்க வேண்டும். வராவிட்டால் குழாயை இழையளவு விரிக்கும் பக்கம் சுற்றினால் சுமை விலகி வந்துவிடும். பின் வந்த பிறகு வலது நெம்புகோலின் டேப்பைப் பிரியுங்கள். இழுக்கும் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நெம்புகோலைச் சுருட்டும் நிலைக்கு மாற்றி, மெல்ல விட்டுக் கொடுத்துச் சுருள விடுங்கள். விட்டுவிட்டால் குழாய் வண்டிச் சுவரில் வந்து மோதும்.

முழுக்க விரித்துச் சுருட்டி மூன்று முறை பாருங்கள். சுருளும்போது துணி ஒரு பக்கம் ஏறிக்கொண்டு போனால் ரெயிலில் துணியை ஒரு அரை அங்குலம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தி மறுபடி பாருங்கள். நேராகச் சுருள்கிறது என்று உறுதியான பின்தான் ரெயிலின் கோடி ஸ்க்ரூக்களைப் போட வேண்டும். பழைய துளையில் சீலண்ட் வைத்து முடுக்குங்கள். அந்தத் துளை வழியாக வண்டிச் சுவருக்குள் இறங்கும் தண்ணீர் வெளியே தெரியவே தெரியாது, உள்ளே மரம் அழுகிய பிறகுதான் தெரியும்.

பட்டன் ஆனிங் வைத்திருப்பவர்களுக்கு

துணியைக் காடியில் ஏற்றும் வேலை இதிலும் அதேதான். மாறுவது பாதுகாப்பு. முதல் காரியம், ஆனிங் மோட்டாருக்குப் போகும் 12 வோல்ட் ஃபியூஸைக் கழற்றுவது. நீங்கள் ஏணியில் இருக்கும்போது உள்ளே யாராவது பட்டனைத் தொட்டால் போதும், விபரீதமாகிவிடும். இரண்டாவது, லிப்பெர்ட் சொலேரா போன்ற பல மாடல்களில் கைக்குள் கேஸ் ஸ்ட்ரட் இருக்கும். காரின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கிறதே, அந்தச் சாதனம். துணியும் குழாயும் இல்லாத நிமிடம் அந்தக் கை வெளியே வீசி அடிக்கும். கழற்றும் முன்பே இரண்டு கையையும் ராட்செட் பட்டையால் வண்டியோடு இறுகக் கட்டுங்கள். மோட்டார் இருக்கும் முனையிலிருந்து ஒயர் வருவதால், முடிந்தவரை மறுமுனையைத் திறந்து துணியை உருவப் பாருங்கள். சில மாடல்களில் அந்த மறுமுனைக்குள் ஸ்பிரிங் இருக்கும், அதற்கும் பின் போடும் இடம் கையேட்டில் இருக்கும்.

புதுத் துணியைக் காப்பாற்ற

வினைலைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். எண்ணெய் கலந்த கிளீனர் வேண்டாம். ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால் அடுத்த நாளே விரித்துக் காயவிடுங்கள்.

மழை வரும்போது ஒரு பக்கக் கையைக் கொஞ்சம் இறக்கிவையுங்கள், தண்ணீர் அந்த ஓரமாக ஓடிவிடும். துணி தொய்ந்து தண்ணீர் குளமாக நின்றால் என்ன எடை என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 அடிக்கு 3 அடி இடத்தில் 4 அங்குலத் தண்ணீர் நின்றாலே சுமார் 85 கிலோ. ஒரு பெரிய ஆள் துணி மேல் படுத்த மாதிரி. குழாய் வளைவது இப்படித்தான். வளைந்த குழாயில் எந்தத் துணியும் நேராகச் சுருளாது.

காற்றுக்கும் அதே மரியாதை கொடுங்கள். முகாமை விட்டு அரை மணி நேரம் கிளம்பினாலும் சுருட்டிவிட்டுப் போங்கள். பாலைவனத்தில் காற்று சொல்லிக்கொண்டு வராது.

மாட்டிய பிறகு முதல் பயணம் முடிந்ததும் கைகளின் போல்ட்டையும் ரிவெட்டையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். புது ரிவெட் ஒன்று ஆடினால் அதை மட்டும் துளைத்துவிட்டு வேறொன்று அடித்தால் போதும். கழற்றிய பழைய துணியில் வெயில் படாத பகுதி இன்னும் நல்ல உழைப்பு தரும். நாங்கள் அதை வெட்டி, இப்போது அதே ஆனிங்குக்குக் கீழே தரை விரிப்பாகப் போடுகிறோம். செருப்பில் ஒட்டிய மணல் அதோடு நின்றுவிடுகிறது.